பன்னிரண்டாம் ரீல்

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
20.12.1981

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை மரியபுஷ்பம் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் பனிக்கால இருமல் வந்துவிட்டது. "தனிசுக்குக் கை காலெல்லாம் வெச்ச எடத்துலயே இருக்குதான்னு கேளு கண்ணு" என்கிறாள். சினிமாவில் சண்டை போடுகிறவனின் தாய் வேறு எப்படி நலம் விசாரிப்பாள்?

நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் போனதில்தான் அவளுக்கு வருத்தம். பதினெட்டு நாள் சொந்த ஊரில் ஷூட்டிங், வீட்டுச் சாப்பாடோ மூன்று வேளைதான். கடைசி நாள் கோழி அடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தாள். கம்பெனி வேன்கள் மூன்றும் மலை இறங்கிவிட்டன என்று பால்காரர் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே போனாள்.

அன்று செம்மநத்தம் பாதையில் ஜீப்பில் அடிபட்ட பூவாயிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காப்பிப் பழம் பறித்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எடைக் கொட்டகைக்கு நடந்து போனவள். அதைத் தவிர அவள் வேறெதுவும் செய்யவில்லை. எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பஷீரண்ணன் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர், தன் ஜீப்பிலேயே உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று இத்தனை நாள் மரியாதை வைத்திருந்தேன். ஷூட்டிங் முடிந்து, படத்துக்குக் கொடுத்திருந்த தன் ஜீப்பை வெறும் வண்டியாகக் கீழே இறக்க அவருக்குத் தெரியாதா? அன்று "நான்தான் ஓட்டினேன்" என்று போலீசில் கையெழுத்துப் போட்டவர், ஜாமீனில் வந்ததும் "நான் ஓட்டவில்லை" என்கிறார். இப்படிப் பேச வெட்கமாக இருக்காதா?

நேற்று அவர் மனைவி ஷஹீதா நம் வீட்டுக்கு வந்தாள். "ஏனுங்க டீச்சர், ஒரே ஒரு வார்த்தைங்க. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிர்றேன்" என்றாள்.

"பூவாயியிடம் போய்ச் சொல்லுங்கள், அவளால் நிற்க முடியாது, உட்கார்ந்து கேட்பாள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அப்படியே நின்றிருக்கிறாள்.

கிறிஸ்மசுக்கு வர முடியாது என்பது தெரியும். ஒரு வரி எழுதுங்கள், அம்மாவுக்கு அதுவே போதும்.

தங்கள் அன்புத் தங்கை,
மரியபுஷ்பம்

•

சென்னை,
17.1.1982

அன்புத் தங்கை புஷ்பாவுக்கு ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. நான் நலம். அம்மாவிடம் சொல், கை இரண்டு, கால் இரண்டு, பல் ஒன்று குறைவு. பல் போனது நல்ல காரியத்துக்குத்தான். கராத்தே மாஸ்டரின் உதை ஒரு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் மூக்கு போயிருக்கும்.

நீ புத்தகப் புழு, கதை கேட்பாய். இதோ கதை. ஹீரோ அரசாங்க ஒற்றன், பெயர் 'புலிநகம் 27'. படத்துக்கும் அதே பெயர்தான். நாட்டின் ரகசியத்தை மைக்ரோ ஃபிலிமாகச் சுருட்டிக் காப்பிக்கொட்டைக்குள் வைத்துக் கடத்துகிறார்கள். எதிரி ஒற்றன் எஸ்டேட் டாக்டர் வேஷத்தில் இருக்கிறான். ஆனால் காப்பி குடிக்கும் முன் டம்ளரை மூன்று தரம் தட்டுவது அவன் பழக்கம். அதை வைத்து ஹீரோ கண்டுபிடித்துவிடுவார். வேஷம் போட்டாலும் பழக்கத்தை மாற்ற முடியாதாம். டைரக்டருக்கே இந்த இடத்தில் பெருமை தாங்கவில்லை.

கிடங்குச் சண்டையில் ஹீரோவுக்கு டூப்பாக அடித்ததும் நான்தான், அடியாளாக மீசை ஒட்டிக்கொண்டு அந்த அடியை வாங்கியதும் நான்தான். என்னை நானே உதைத்துக்கொண்டேன் என்று வை. மேல் ரோட்டிலிருந்து கீழ் ரோட்டுக்கு ஜீப்போடு பாய்ந்ததும் நானே. ஒரே டேக். யூனிட்டே கைதட்டியது.

பூவாயி விஷயம் வருத்தம்தான். ஷாட் ஓகே ஆகி நான் மேலே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். பஷீர் தனியாக வண்டியைக் கொண்டுபோகும்போது நடந்தது. கேஸ் சமாச்சாரம், அதைப் பற்றி எழுத வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம்.

அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கிக்கொடு.

அன்பு அண்ணன்,
ஸ்தனிஸ்லாஸ்

•

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
21.2.1982

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். தங்கள் நலம் அறிய ஆவல். வருகிற புதன் விபூதிப் புதன். தவக்காலத்திலாவது சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். பல் போன செய்தியைக் கேட்டு, எந்தப் பல் என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் பேசுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் காது இருக்கிறதே.

போன ஞாயிறு செம்மநத்தத்தில் பூவாயியைப் பார்க்கப் போனேன். இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்து வாசல் வரை வருகிறாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "மேல இருந்து பறந்து வந்து உழுந்துச்சுங்க டீச்சர் வண்டி. ஓட்டுனவன் செவப்புக் கோட்டு, கழுத்து வரைக்கும் மசுரு, கண்ணாடி வேற போட்டிருந்தானுங்க. போலீசுக்கு நொம்ப தடவ சொன்னனுங்க, எழுதவே இல்ல."

பஷீரண்ணனுக்கு முன்மண்டையில் முடியே கிடையாது. சிவப்புக் கோட்டும் பொய்முடியும் ஹீரோவுக்கும் அவருக்கு டூப் போட்டவருக்கும் உரியவை. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையில் அந்த வேஷத்தில் ஆட்களைப் பார்த்திருப்பாய், வலியில் ஆள் மாறித் தெரிந்திருக்கும்" என்றேன். "இருக்குமுங்க. நீங்க படிச்சவிய" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சொல் குத்திக்கொண்டே இருந்தது.

சேலம் கோர்ட்டில் பஷீரண்ணன் நீதிபதியிடம், "நான் ஓட்டலீங்க. ஓட்டுனது யாருன்னு ஓட்டுனவங்களே வந்து சொல்லட்டுமுங்க" என்று மட்டும் சொன்னாராம். எந்தப் பெயரும் சொல்லவில்லை. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஜீப் ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது. அவர் சந்தையில் ஆரஞ்சுக் கூடை சுமக்கிறார்.

இரண்டே கேள்விகள். நீங்கள் குதித்த ரோட்டில், கீழ் வளைவில் ஆட்கள் வராமல் தடுக்க யாரை நிறுத்தியிருந்தார்கள்? மேலே போய் நீங்கள் சட்டை மாற்றியபோது கூட யார் இருந்தது? யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

அன்புத் தங்கை,
மரியபுஷ்பம்

•

சென்னை,
28.3.1982

அன்புத் தங்கைக்கு, நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஓய்வே இல்லை. மைசூரில் ஒரு படகுச் சண்டை, இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தேன்.

ஏப்ரல் பதினாலு, புத்தாண்டுக்குப் 'புலிநகம் 27' ரிலீஸ். அதற்குள் தவக்காலமும் உயிர்ப்புத் திருநாளும் முடிந்துவிடும், அம்மா சாக்குச் சொல்ல முடியாது. சேலத்துக்குக் கூட்டிப் போ. பன்னிரண்டாம் ரீலைக் கவனமாகப் பார்க்கச் சொல். முகம் தெரியாது. அங்கே பறப்பது அவள் பிள்ளை என்று மட்டும் சொல்.

கீழ் வளைவில் ஆள் நிறுத்துவது கம்பெனியின் வேலை, சண்டைக்காரனின் வேலை இல்லை. டீச்சர் வேலை பார்த்துப் பார்த்து வீட்டிலும் கேள்வித்தாள் கொடுக்கிறாய்.

ஸ்தனிஸ்லாஸ்

•

ஏற்காடு,
19.4.1982

அண்ணனுக்கு,

நேற்று அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைப் புடவை கட்டி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பூசைக்குப் போவதுபோல் வந்தாள். அவள் பார்க்கும் மூன்றாவது சினிமா இது. யார் உதைத்தாலும் "இது தனிசா? இது தனிசா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்சீட்டுக்காரர், "பாட்டி, தனிசு வந்தா நானே கூப்புட்டுச் சொல்றேன், சித்த சும்மா இருங்க" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. நான் சிரித்த கடைசி இடம் அதுதான்.

பன்னிரண்டாம் ரீல். வளைவின் மேல் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. சிவப்புக் கோட்டு. பாதி முதுகும் பாதிக் கன்னமும் பொய்முடியும் தெரிகின்றன. வலது கை ஸ்டியரிங்கை விட்டு மேலே போகிறது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கட்டை விரலுக்கு ஒரு முத்தம். பிறகு சட்டைக்குள், கழுத்திலிருந்து மாதா உத்திரியத் துணி தொங்குமிடத்தில் இரண்டு தட்டு.

"எஞ்சாமி!" என்று அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "பாரு புஷ்பா, நான் கத்துக் குடுத்தது! பலா மரத்துல இருந்து குதிக்கறப்பக் கூட ரெண்டு தட்டு தட்டீட்டுத்தான் குதிப்பான்!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு விநாடி. பாய்ந்தது நீங்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஷாட் அங்கே முடியவில்லை. கேமரா ஜீப்பை விடாமல் கூடவே வருகிறது. அதே சிவப்புக் கோட்டோடு ஜீப் கீழ் ரோட்டில் விழுந்து, சறுக்கி, வளைவைத் தாண்டும்போது திரையின் ஓரத்தில் ஒரு சாக்கு கிழிந்து காப்பிப் பழம் தெறிக்கிறது. திரை முழுவதும் சிவப்புச் சிவப்பாகப் பழம். தியேட்டரே விசில் அடித்தது. பூவாயியின் கால் ஒடிந்த இடத்துக்கு விசில் அடித்தார்கள்.

அந்தச் சாக்கு ஒரே ஒரு முறைதான் கிழிந்தது.

சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாயே. ஆம், எழுதினாய். இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத என் கை மறுக்கிறது. வேஷம் போட்டாலும் பழக்கத்தை மாற்ற முடியாது என்று நீயேதானே எழுதினாய்? பஷீரண்ணனுக்குச் சிலுவை போடத் தெரியுமா? உத்திரியத்தைத் தட்டத் தெரியுமா? உன் நண்பனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அந்தக் கையை நீ எப்படிச் சோற்றில் வைக்கிறாய்?

இன்று காலை செம்மநத்தம் போனேன். அவள் பார்த்ததுதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று பூவாயியிடம் சொன்னேன். படத்தில் அந்த இடம் வருகிறது என்றும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க டீச்சர், அதுல நான் தெரியறனுங்களா?"

"இல்லை, பழம் மட்டும்தான் தெரிகிறது" என்றேன்.

அங்கிருந்து ஷஹீதாவின் வீட்டுக்கு. மன்னிப்புக் கேட்க வாசலில் நின்றேன். "அன்னிக்கு நீங்க சாத்துனீங்க. இன்னிக்குத் திருப்பிச் சாத்தலாம்னா எங்கூட்டுக் கதவுக்குத் தாப்பாளே இல்லீங்க டீச்சர். உள்ள வாங்க" என்றாள். கையெழுத்துப் போட்ட கதையைப் பஷீரண்ணன் சொன்னார். 'தனிசுக்கு லைசென்ஸ் இல்லை, வண்டியும் லைசென்சும் உன்னுடையது, நீ ஓட்டினதாகச் சொல், இரண்டு நாளில் கம்பெனி வெளியே எடுத்துவிடும்' என்று உங்கள் மானேஜர் சொல்ல, நீ பக்கத்தில் நின்றாயாம். "ஏன் இதுவரை அவன் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அவனா வருவான்னு இருந்தனுங்க அம்மிணி" என்றார்.

ஜூலை பதினாலு அடுத்த வாய்தா. அதற்குள் வந்து சொல். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

மரியபுஷ்பம்

•

(அஞ்சல் அட்டை)

சென்னை,
3.5.1982

புஷ்பா, கடிதம் கிடைத்தது. அவசரப்படாதே. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. எல்லாம் நேரில். அம்மா நலமா?

ஸ்தனிஸ்

•

ஏற்காடு,
24.5.1982

ஸ்தனிஸ்லாசுக்கு,

போன ஞாயிறு பஷீரண்ணனின் வக்கீலை அழைத்துக்கொண்டு மறுபடி அந்தப் படத்துக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கும் வரை வழியெல்லாம் நான் பார்த்ததை அவருக்கு விவரித்தேன். நெற்றி, நெஞ்சு, தோள், தட்டு, பழம். பன்னிரண்டாம் ரீல் வந்தது. ஜீப் உறுமுகிறது. ஒரு வெட்டு. ஜீப் கீழ் ரோட்டில் தூரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, பழமும் இல்லை. வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கதைப் புத்தகம் நிறையப் படிக்கிற பெண் என்று யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தியேட்டர்க்காரர் ஒருவரைக் கேட்டேன். "கம்பெனி ஆளு போன வாரம் வந்தானுங்க. கதையில ஹீரோ முருக பக்தராமா, சிலுவ போட்டா ஊருல கேப்பாங்களாமா. அதனால வெட்டச் சொன்னானுங்க. முப்பது நாளா யாரு கேட்டாங்க? விசிலுதான் அடிச்சாங்க. அந்த எடம் போனதுல கூட்டமே கொறஞ்சு போச்சுங்க" என்றார்.

சிலுவையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் அது என்ன என்று எழுதியவள் நான் ஒருத்தி. எழுதியது உனக்கு ஒருவனுக்கு. தங்கையின் கடிதத்தைக் கொண்டுபோய் மானேஜரிடம் கொடுத்தாயா, வாசித்துக் காட்டினாயா? அண்ணன் திருந்துவான் என்று நான் எழுதிய வரியையெல்லாம், எந்த இடத்தில் கத்தரி வைக்க வேண்டும் என்று பார்க்கத்தான் நீ படித்திருக்கிறாய். உன் பொய்யைக்கூடப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். இதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்று. வெட்டியதைத் தீயில் போடச் சொல்லியிருப்பீர்கள். சொன்னதைச் செய்யாதவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். அந்தச் சாக்கு வைத்திருந்தவளுக்குக் கால் போய்விட்டது என்று நான் சொன்னபோது ஒருவர் எழுந்து உள்ளே போய்த் தேடினார். அவர் யார், எப்போது, எங்கே என்று எழுத மாட்டேன். என் கடிதங்கள் யார் கைக்குப் போகின்றன என்று இப்போது எனக்குத் தெரியும்.

துண்டு என்னிடம் இருக்கிறது. என் உயரத்தைப் போல் நாலைந்து மடங்கு நீளம். பள்ளிக்கூடத்தின் பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். இதோடு மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறேன். நீயும் வெளிச்சத்தில் பிடித்துப் பார். முதலாவதில் கட்டை விரல் உன் உதட்டில் இருக்கிறது. மீதி பத்திரமாக இருக்கிறது. ஜூலை பதினாலாம் தேதி நீ வந்தால் நீ பேசு. வராவிட்டால் நான் கூண்டில் ஏறி, இந்தக் கை என் அண்ணனுடையது என்று சொல்வேன்.

மரியபுஷ்பம்

•

சென்னை,
12.6.1982

புஷ்பா,

நலம் விசாரிக்கும் நிலையில் நீயும் இல்லை, நானும் இல்லை.

வெட்டச் சொன்னது நான்தான். உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, வாயால் சொன்னேன். அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நீ சொல்வாய்.

நான் போட்டுவிட்டு ஓடினேன் என்று நினைக்கிறாய். பூவாயியைத் தூக்கியது நான். மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். அவள் ரத்தம் அந்தச் சிவப்புக் கோட்டில் தெரியவே இல்லை. மானேஜர் கோட்டைக் கழற்றி வாங்கி, என்னை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். பஷீர் வெளியே நின்று, "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்றான். இரண்டு நாள் என்றார்கள். பிறகு இரண்டு மாதம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ கோபப்படு. எனக்கும் கோபம் உண்டு. ஆறு வருஷமாக அடுத்தவன் முடிக்குள் தலையை வைத்துக்கொண்டு மாடியிலிருந்தும் ரயிலிலிருந்தும் குதிக்கிறேன். இருபத்திரண்டு படம். ஒன்றிலும் என் முகம் இல்லை, பெயரும் இல்லை. இத்தனை படத்தில் என்னுடையது என்று சொல்ல அந்த ஒரு சிலுவைதான் இருந்தது. அதையும் நானே வெட்டச் சொன்னேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஆளை அடித்தவன் என்று தெரிந்தால் சண்டைக்காரர் யூனியன் கார்டு போய்விடும். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. குதிக்க மட்டும்தான் தெரியும்.

மூன்று கட்டங்களும் வந்தன. இரண்டைப் பார்த்தேன். மூன்றாவதைப் பார்க்கவில்லை.

ஸ்தனிஸ்

•

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
20.6.1982

என்ற சாமி தனிசுக்கு அம்மா சொல்லி எழுதறது. எதையும் சேக்காத, எதையும் உடாதன்னு புஷ்பாகிட்டச் சொல்லியிருக்கறேன். அவ அப்பிடியே எழுதறா.

இருமலு தேவலாம். நான் நல்லாத்தான் இருந்தேன், முந்தாநேத்து வரைக்கும்.

உன்ற படம் பாத்ததுல இருந்து கடைவீதி பூராச் சொல்லீட்டுத் திரிஞ்சேன். ஜீப்புல பறந்தது எம்பையன், சாமியக் கும்பிட்டுட்டுத்தான் பறந்தான்னு. முந்தாநேத்து ஷஹீதா வெச்சிருக்கற டீக்கடைக்குப் போயி அவகிட்டயும் சொன்னேன். அந்தப் புள்ள எனக்கொரு டீ போட்டுக் குடுத்துச்சு. குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுவுது. ஏம்மா அழுவறேன்னா, "ஒண்ணுமில்லீங்க அம்மா, பொக"ங்குது. ஊட்டுக்கு வந்து புஷ்பாவ நிக்க வெச்சுக் கேட்டேன். சொல்லீட்டா.

உனக்குச் சிலுவ போடக் கத்துக் குடுத்தது நானு. அத வெட்டச் சொல்ல யாருடா உனக்குக் கத்துக் குடுத்தது?

குதிக்கறதுக்கு முன்னால சாமியக் கூப்பிட்டியே, குதிச்சதுக்கு அப்பறம் ஏண்டா கூப்புடல? அப்பத்தான கூப்பிட்டிருக்கோணும்?

கார்டு போனாப் போவுது. நீ வா. மொதல்ல நம்ம ஊட்டுக்கு வராத. பஷீரு ஊட்டுக்குப் போ, பூவாயி ஊட்டுக்குப் போ, கோர்ட்டுக்குப் போ. கடைசியா இங்க வா. எத்தன நாளானாலும் சோறு வெச்சிருப்பேன்.

புஷ்பா அழுவறா, எழுத்து கலைஞ்சிருந்தா அதனாலதான். இதையும் எழுதுன்னு சொன்னேன், எழுத மாட்டேன்னா. எழுதீட்டா.

அம்மா,
செல்வமேரி

•

ஏற்காடு,
8.8.1982

சேலம் ஜெயிலில் இருக்கும் அண்ணனுக்கு,

இங்கே மழை. அம்மா சுகம். ஜெயிலில் போர்வை கொடுப்பார்களா என்று கேட்கிறாள். வியாழக்கிழமை மனு கொடுத்துப் பார்க்க வருகிறோம்.

ஆறு மாதம் என்று நீதிபதி வாசித்தபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நீ பார்க்கவில்லை. ஜூலை பதினாலு உன் பெயரைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏறியபோது உன் வலது கை தானாக நெற்றிக்குப் போனதைப் பார்த்தேன். பாதியில் கீழே இறக்கிக்கொண்டாய். பஷீரண்ணனும் பார்த்தார். "போட்டுக்கடா" என்று முணுமுணுத்தார். அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவள் இல்லை. நீ வந்தாய், சொன்னாய், சரி. ஏழு மாதமும் பத்து நாளும் கழித்து வந்தாய். அந்த ஏழு மாதம் அவர் ஆரஞ்சுக் கூடை சுமந்தார். அதற்காக எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக எழுதினால் இந்தக் கடிதத்திலும் ஒரு பொய் சேரும். நீயும் கம்பெனியும் எழுதிய பொய்களே இந்த வீட்டுக்குப் போதும். உங்கள் மானேஜருக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஊட்டியில் வேறு ஷூட்டிங்கில் இருக்கிறாராம்.

பஷீரண்ணனுக்கு லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. ஜீப்பின் சீட்டில் எலி கூடு கட்டியிருந்தது. ஷஹீதா அதைத் தட்டி எடுத்துக்கொண்டே, "உங்கண்ணன் குதிச்சதுல இதுதான் மிச்சம்" என்றாள். சிரித்தாளா, திட்டினாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீயே ஒப்புக்கொண்டதால் அந்தத் துண்டைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. என் பெட்டியிலேயே இருந்தது. பூவாயியிடம் நான் சொன்னது ஒன்று தப்பு என்று துண்டை முதலில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தியேட்டரில் கண் இமைக்கிற நேரத்தில் பழம் மட்டும்தான் தெரிந்தது. கட்டம் கட்டமாகப் பார்த்தால் அவள் இருக்கிறாள். நீ பார்க்காமல் விட்ட மூன்றாவது கட்டமும் அதுதான். ஜீப் இன்னும் அவளைத் தொடவில்லை. ரோட்டோரத்தில் தலையில் சாக்கோடு நிற்கிறாள்.

நேற்று அதில் ஒரு கட்டத்தை வெட்டி, பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு செம்மநத்தம் போனேன். கொடுப்பது கொடுமையோ என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். ஆனால் அவள் கேட்டிருந்தாள். இல்லை என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டாவது முறையும் அவளிடம் உண்மையை நான் மறைக்கக் கூடாது.

கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மேகம் விலகும் வரை காத்திருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். உன்னை அவள் தேடவே இல்லை.

"அட, எம்பட சாக்குதானுங்க" என்றாள். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.

"டீச்சர், இதுல எனக்கு ரெண்டு காலும் இருக்குதுங்க."

மரியபுஷ்பம்